ஸ்டாண்ட்-அப் பழக எங்கே தொடங்குவது: ஓப்பன் மைக்கா, பட்டறையா, இம்ப்ரோவா, ரீல்ஸா?

தனி ஆளாக மேடையில் நின்று ஜோக் சொல்லும் ஸ்டாண்ட்-அப் பழகணும் என்று சென்னையில் ஒருவர் கிளம்பினால் அவர் முன்னால் நாலு வழி இருக்கிறது. பெயர் கொடுத்த யாரும் ஏறிப் பேசக்கூடிய ஓப்பன் மைக் மேடையில் நேரே போய் நிற்கலாம். பணம் கட்டி வார இறுதிப் பட்டறையில் சேரலாம். எழுதி வைக்காமல் அந்தக் கணத்திலேயே கூட்டாக நடித்துக் காட்டும் இம்ப்ரோ வகுப்புக்குப் போகலாம். அல்லது வீட்டிலேயே போனை நிறுத்தி வைத்து ரீல்ஸ் போட ஆரம்பிக்கலாம். நாலுக்கும் பரிந்து பேச ஆள் உண்டு. நாலு வழியிலும் தேறி வந்தவர்கள் இருப்பதால், யார் எங்கிருந்து வந்தார் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் முடிவு கிடைக்காது.

எடை போட ஒரே படிக்கல் போதும். நீங்கள் எழுதிய வரிக்கு, உங்களை முன்பின் தெரியாதவர் சிரித்தாரா இல்லையா என்ற தகவல் எத்தனை சீக்கிரம், எவ்வளவு கலப்படமில்லாமல் கைக்கு வருகிறது? பாட்டு பழகுகிறவருக்குச் சுருதிப்பெட்டி இருக்கிறது. தப்பினால் வீட்டிலேயே தெரிந்துவிடும். நகைச்சுவைக்கு அந்நியர்கள் உட்கார்ந்திருக்கும் அறைதான் சுருதிப்பெட்டி. நண்பர் குழுவில் எல்லோரையும் உருட்டி விடுகிறவர் மேடையில் திணறுவதற்கும் இதுதான் காரணம். நண்பர்களுக்குப் பாதிக் கதை ஏற்கெனவே தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்தாலே சிரிப்பார்கள். அறையில் அந்தப் பாதிக் கதையையும் நீங்களே, அதுவும் இருபது நொடிக்குள், சொல்லியாக வேண்டும்.

ஓப்பன் மைக்

படிக்கல்லில் வைத்துப் பார்த்தால் இதுதான் முதலிடம். நடைமுறை எளிது. நடத்துபவர் இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கூகுள் படிவம் போடுவார். பெயர் கொடுத்தால் 4 அல்லது 5 நிமிட இடம் கிடைக்கும். புழக்கத்தில் ஸ்பாட் என்பார்கள். ஒரு மாலையில் பத்துப் பதினைந்து பேர் ஏறுவார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் ஒரு காபி வாங்க வேண்டும், நூறு இருநூறு கேட்கும் இடங்களும் உண்டு. பெயர் கொடுத்துவிட்டு வராமல் போவதையும், தன் ஸ்பாட் முடிந்ததும் எழுந்து போவதையும் நடத்துபவர் மறக்கவே மாட்டார். மற்றவர் பேசும்போது உட்கார்ந்திருக்கிறவருக்கு அடுத்த வாரமும் இடம் கிடைக்கும்.

இதன் குறை என்ன? பார்வையாளர்களில் பாதிக்கு மேல் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் காமெடியன்களே. அவர்கள் மனசுக்குள் தங்கள் வரிகளை ஓட்டிக்கொண்டிருப்பார்கள், சிரிக்க மாட்டார்கள். அதனால் ஒரு இரவு அமைதியாகப் போனதை வைத்து ஒரு ஜோக்கைக் குப்பையில் போடக் கூடாது. வெவ்வேறு மூன்று அறையில் சொல்லி மூன்றிலும் விழாமல் போனால் அப்போது போடலாம். தலைகீழாகவும் கணக்கு உண்டு: முதல் நாளே ஆறு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த இரவின் சிரிப்பு கணக்கில் சேராது.

மேடையில் கெடுவது பெரும்பாலும் ஜோக் அல்ல, கைப்பழக்கம். மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் ஸ்டாண்டைத் தூக்கி உங்களுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் கம்பி நின்றால் அதைப் பிடித்துக்கொண்டே ஐந்து நிமிடமும் போய்விடும். மைக்குக்கும் உதட்டுக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி. வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் குரல் மங்கும், ஊளைச் சத்தமும் கிளம்பும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நடந்தாலும் அதே ஊளை. 5 நிமிட ஸ்பாட்டில் நாலாவது நிமிடம் அறையின் பின்பக்கத்திலிருந்து ஒரு போன் டார்ச் ஆடும். ஒரு நிமிடம் பாக்கி என்று அர்த்தம். அப்போது புது ஜோக் ஆரம்பிக்காமல், கையில் இருப்பதிலேயே நல்லதற்குத் தாவி இறங்க வேண்டும். 5 நிமிட ஸ்பாட்டுக்கு வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசும்போது நாலு நிமிடத்துக்குமேல் போகாமல் எழுதுங்கள். மீதி சிரிப்புக்கு. சிரிப்பு வராவிட்டால் சீக்கிரம் இறங்கலாம், அதுவும் லாபம்தான்.

"எல்லாரும் எப்படி இருக்கீங்க? சவுண்டே பத்தலையே!" என்று தொடங்குவது இருபது நொடியைத் தின்னும். கூட்டத்தைச் சூடாக்குவது தொகுப்பாளர் வேலை. உங்கள் முதல் சிரிப்பு இருபதாவது நொடிக்குள் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். வந்ததும் அடுத்த வரியை அதன்மேல் ஏற்றிப் பேசிவிடாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் அமைதிக்குப் பயந்து பயந்து, கடைசியில் சிரிப்பையே வெட்டிவிடுகிறார்கள். சிரிப்பு ஏறி, உச்சி தொட்டு, பாதிக்குமேல் இறங்கியபின் அடுத்த வரி.

எல்லா ஸ்பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். போனில் ஒலிப்பதிவை ஓட விட்டுச் சட்டைப் பையில் போட்டால் போதும். மறுநாளுக்குள் கேட்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 0 முதல் 3 வரை மதிப்பெண்: 0 அமைதி, 1 ஒன்றிரண்டு பேர், 2 பாதி அறை, 3 மொத்த அறை. ஞாபகத்தை நம்பாதீர்கள். ஒரே ஒரு பெரிய சிரிப்பு வந்த இரவை "அதிரிபுதிரி" என்றும், முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்ட இரவை "ஊத்திக்கிச்சு" என்றும் மனசு எழுதி வைத்துவிடும். பதிவைக் கேட்டால் இரண்டுமே சுமாராகத்தான் இருக்கும். நிமிடத்துக்கு மூன்று, நாலு சிரிப்பு என்பது தேறிய ஐந்து நிமிடத்துக்கு வைக்கும் அளவு. தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஒன்று வந்தாலே சரியான திசைதான்.

ஒரு ஜோக், இரண்டு வடிவம்

எல்லோரும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

"எங்க அபார்ட்மெண்ட்ல ரொம்ப நாளா தண்ணி பிரச்சனை. அசோசியேஷன் செக்ரட்டரி, ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், அறுபத்தெட்டு வயசு, ரொம்ப ஸ்ட்ரிக்ட். அவரு ஒருநாள் காலைல வாட்ஸ்அப் குரூப்ல இன்னிக்கு தண்ணி வராதுன்னு மெசேஜ் போட்டாரு. அதுக்கு அப்புறம் மூணாவது மாடி மாமா குற்றால அருவி படம் வச்சு குட் மார்னிங்னு ஒண்ணு அனுப்பினாரு."

மொத்தம் 38 சொல். சிரிப்பு வர வேண்டிய சொல் குற்றாலம். அதற்குப் பிறகு ஏழு சொல் இருக்கிறது, அந்த ஏழு சொல்லும் வாயில் ஓடும்போது சிரிக்க வந்தவர் காத்திருந்து அடங்கிவிடுவார். செக்ரட்டரியின் வயசும் பேங்க் வேலையும் பின்னால் எங்கேயும் பயன்படவில்லை. கேட்பவர் அதையும் நினைவில் சுமந்துகொண்டு வருகிறார், வீண் சுமை. திருத்தினால்:

"எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப். காலைல ஆறு மணி. செக்ரட்டரி மெசேஜ்: இன்னிக்கு தண்ணி வராது. அடுத்த மெசேஜ், மூணாவது மாடி மாமா. குட் மார்னிங். பின்னாடி படம்... குற்றாலம்."

22 சொல். சிரிப்புச் சொல்தான் கடைசிச் சொல். இங்கே நிறுத்தாமல் அதே சிரிப்பின்மேல் இன்னொன்றைத் தொங்கவிடுவதற்கு டேக் என்று பெயர்: "அதுவும் சீசன் குற்றாலம்." அதற்கும் மேலே: "ரெண்டாவது மாடி ஆன்ட்டி உடனே கேக்கறாங்க: மாமா, இது மெட்ரோ வாட்டரா, லாரியா?" டேக்குக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை என்பதால் செலவே இல்லாத சிரிப்பு அது. நாலு நிமிடத்தில் பத்து விஷயம் எழுதுவதைவிட மூன்று விஷயத்துக்கு மூன்று மூன்று டேக் எழுதுவது மேல்.

ஆன்ட்டி வரியில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது, தமிழில் பேசுகிறவர்களுக்கு உள்ள தொல்லை. நம் பேச்சில் ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது சொன்னது முன்னால் வரும், "ன்னு கேட்டாங்க", "ன்னு சொன்னாரு" பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். "இது மெட்ரோ வாட்டரா, லாரியான்னு ஆன்ட்டி கேட்டாங்க" என்றால் வாலில் இரண்டு சொல் ஆடுகிறது. மைக் வைத்த மேடையில் அந்த வால் போதும், சிரிப்பு பாதியாகும். கேட்டவர் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அவர் பேச்சோடு வரியை முடியுங்கள். அல்லது சொல்லவே வேண்டாம்: தலையை ஒரு பக்கம் திருப்பி, ஆன்ட்டியாகவே கேளுங்கள். இப்படி அந்த ஆளாகவே நடித்துக் காட்டும் ஆக்ட்-அவுட் இந்த வால் அறுக்கும் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். உங்கள் பதிவைக் கேட்கும்போது "ன்னு" வரும் இடமெல்லாம் கோடு போட்டுப் பாருங்கள்.

ஊரும் கணக்கில் வரும். மெட்ரோ வாட்டர் சென்னைக்காரருக்கு உடனே பற்றும். அதே வரியைக் கோவையில் சொன்னால் "சிறுவாணியா, லாரியா" என்று மாற்ற வேண்டும். பெங்களூரில் குற்றாலமே விளக்கம் கேட்கும், விளக்கினால் ஜோக் போச்சு.

இத்தனை திருத்தத்தையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு இரவுக்கு ஒரு மாற்றம். வாரம் இரண்டு ஸ்பாட் கிடைத்தால் ஒரு ஜோக் தேற மூன்று வாரம் ஆகும். இந்தக் கணக்கு முதலில் கசக்கும்.

பட்டறை

பொதுவாக இரண்டு நாள், சில ஆயிரம் ரூபாய். செட்-அப் (சிரிப்புக்கு முன் போடும் அடித்தளம்), பஞ்ச் (சிரிப்பு வரும் வரி), டேக், கால்பேக் (முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி தொடுவது) என்று பெயர்கள் சொல்லிக் கொடுப்பார்கள், எழுத வைப்பார்கள், கடைசியில் ஒரு நிகழ்ச்சி. பெயர்கள் தெரிவது உண்மையிலேயே உதவும்: "ஏதோ சரியில்ல" என்பது "செட்-அப் நீளம்" என்று மாறினால் திருத்த முடியும். தவறு, போகும் நேரத்தில் இருக்கிறது. மேடையே ஏறாதவருக்கு அங்கே சொல்வதெல்லாம் நீச்சல் பற்றிய புத்தகம்தான். பத்து ஸ்பாட் முடித்துவிட்டுப் போனால் கையில் பதிவும் மதிப்பெண்ணும் இருக்கும், கேள்வியும் இருக்கும்; அதே பணத்துக்கு இரட்டிப்பு வரவு.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை பேர்? பன்னிரண்டைத் தாண்டினால் உங்கள் எழுத்தை யாரும் வரி வரியாகப் பார்க்கப் போவதில்லை. ஒருவருக்கு மைக் பிடித்து நிற்க மொத்தம் எத்தனை நிமிடம்? சொல்லிக் கொடுப்பவர் இப்போதும் மாதாமாதம் மேடை ஏறுகிறாரா? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் யோசியுங்கள்.

அந்தக் கடைசி நிகழ்ச்சி ஒரு பொறி. வருவதெல்லாம் அப்பா, அம்மா, ஆபீஸ் நண்பர்கள். மூச்சு விட்டாலே கைதட்டல் வரும். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓப்பன் மைக்கில் அதே ஐந்து நிமிடத்துக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்போது பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

இம்ப்ரோ

இது வேறு கலை, தனி வம்சம். சிகாகோவில் வயோலா ஸ்போலின் வகுத்த நாடக விளையாட்டுகளிலிருந்து கிளைத்து, 1959-இல் அங்கே தொடங்கிய செகண்ட் சிட்டி போன்ற குழுக்களால் பரவியது. எதிராளி சொன்னதை மறுக்காமல் "ஆமாம், அதோடு..." என்று கட்டிக்கொண்டே போவது அடிப்படை விதி. மேடையில் உடம்பு விறைத்துப்போகிறவருக்கும், திட்டமிட்ட வரியை விட்டு ஒரு அடி விலகினால் நடுங்குகிறவருக்கும் இதைப்போல மருந்து இல்லை. முன்வரிசையில் ஒருவர் குறுக்கே பேசினால் அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லும் தெம்பு இங்கேதான் வரும்.

ஆனால் எழுத்துச் சிக்கனம் இங்கே வராது. இம்ப்ரோவில் கூட்டம் உங்களோடு சேர்ந்து கண்டுபிடிக்கிறது, அதனால் சுமாரான வரிக்கும் மன்னிப்பு உண்டு. ஸ்டாண்ட்-அப்பில் எழுதி வந்தவர் என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள், மன்னிப்பு கிடையாது. துணைக்கு வைத்துக்கொள்ள நல்லது. முதல் வழியாக வைத்தால் ஒரு வருடம் கழித்தும் கையில் ஐந்து நிமிடம் இருக்காது.

ரீல்ஸ்

டிக்கெட் விற்க இது வேண்டும், சந்தேகமில்லை. பழகுவதற்கு மோசமான இடம். போன் சிரிக்காது. எடிட்டிங்கில் சரியான இடத்தில் வெட்டினால் சுமாரான வரியும் சிரிப்பாகும். அந்த வெட்டு மேடையில் உங்களோடு வராது. பார்வை எண்ணிக்கை சிரிப்பின் எண்ணிக்கையும் அல்ல: பாட்டுக்காக, முகத்துக்காக, சண்டைக்காகவும் பார்ப்பார்கள்.

இன்னொரு நஷ்டம் நேரடியானது. மேடை ஜோக்கை ஏற்றிவிட்டால் அது செலவானது. அடுத்த மாதம் வரும் கூட்டத்தில் பத்துப் பேருக்கு முடிவு தெரிந்திருக்கும். அதனால்தான் பழகிய காமெடியன்கள் பெரும்பாலும் கூட்டத்தோடு பேசிய துணுக்குகளை மட்டும் ஏற்றுகிறார்கள். அது அன்றைக்கு மட்டும் நடந்தது, திரும்பச் சொல்லப்போவதில்லை. முதல் முப்பது ஸ்பாட் முடியும்வரை எதையும் ஏற்ற வேண்டாம் என்பது நம் கட்சி. அதற்கு முன் ஏற்றினால், பின்னால் டிக்கெட் வாங்க வருகிறவர் உங்கள் பெயரைத் தேடும்போது முதலில் கிடைப்பது அந்த அரைவேக்காடுதான். சினிமாப் பாட்டைச் சேர்த்து நிகழ்ச்சி கட்டுகிறவர்களுக்கு மேலும் ஒரு தடை. அலெக்சாண்டர் பாபு பாட்டையும் பேச்சையும் பிணைத்துக் கூட்டம் சேர்த்ததைப் பார்த்து அந்தப் பாதையில் பலர் இறங்குகிறார்கள். வீடியோவாக யூடியூபில் ஏற்றும்போது பாட்டின் உரிமையாளர் குறுக்கே வரலாம் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

டிவி பற்றி ஒரு வார்த்தை. விஜய் டிவியில் 2005-இல் தொடங்கிய கலக்கப் போவது யாரு பல நடிகர்களைக் கொடுத்தது. அது வளர்த்தது மிமிக்ரியையும் குறுநாடகத்தையும். குரல் எடுக்கத் தெரிந்தவர் ஸ்டாண்ட்-அப்புக்கு வந்தால் முதல் ஐந்து மாதம் குரலை மூட்டை கட்டி வைப்பது நல்லது. நடிகர் குரலுக்கு வரும் சிரிப்பு அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம். உங்கள் வரிக்கு வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

எந்த மொழியில்

வழி தேர்வதற்குள் இதையும் தேர்ந்தாக வேண்டும். அரவிந்த் எஸ்.ஏ. போல ஆங்கிலத்தில் தொடங்கியவர்கள் உண்டு, பிரவீண் குமார் போலத் தமிழில் குடும்பக் கூட்டத்தைப் பிடித்தவர்கள் உண்டு. 2020-இல் அமேசான் பிரைமில் வந்த காமிக்ஸ்டான் செம காமெடி பா முழுத் தமிழ்ப் போட்டிக்கும் இடம் இருக்கிறது என்று காட்டியது. ஆட்டோக்காரரிடம் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அதுதான் உங்கள் மேடை மொழி. சிரிப்புக்கு வேண்டிய எரிச்சலும் வேகமும் அதில்தான் இருக்கும். செய்தி வாசிப்பது போன்ற தமிழும் ஆகாது, தூத்துக்குடிக்காரர் மெட்ராஸ் பாஷை பேசிப் பார்ப்பதும் ஆகாது. ஊர்ப் பேச்சை அப்படியே கொண்டுவாருங்கள், புரியாது என்று தோன்றும் ஒன்றிரண்டு சொல்லை மட்டும் மாற்றுங்கள்.

மூன்று மாதம் கையில் இருந்தால்

முதல் வாரம் இரண்டு ஓப்பன் மைக்குக்குப் பார்வையாளராக மட்டும் போங்கள். எந்த விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்: மாமியார், ஐ.டி. வேலை, டேட்டிங் ஆப், பெண்டாட்டி ஷாப்பிங். அவற்றைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. அறைக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்த வரி எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் விழாது. இரண்டாவது வாரம் தினம் 30 நிமிடம் எழுதுங்கள். எரிச்சல், வெட்கம், பயம், பொறாமை இந்த நாலில் ஒன்று இல்லாத விஷயத்தை எழுதாதீர்கள். மூன்றாவது வாரம் முதல் ஸ்பாட். ஏறும்போது முழுப் பக்கத்தையும் மனப்பாடம் செய்யாமல், ஐந்து சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பஞ்ச் வரிகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்.

அதன்பின் வாரம் இரண்டு. எட்டாவது வாரம்போல் பத்து ஸ்பாட் தாண்டியிருக்கும், அப்போது பட்டறை. உடம்பு இன்னும் விறைப்பாக இருந்தால் பட்டறைக்குப் பதில் அந்தப் பணத்தை இம்ப்ரோவுக்குக் கொடுங்கள். இரண்டும் கட்டுப்படியாகாவிட்டால் இரண்டையும் விடுங்கள், ஸ்பாட்டை விடாதீர்கள்.

ஓப்பன் மைக்கே இல்லாத ஊரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். மாதம் ஒரு வார இறுதி சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்து இரண்டு நாளில் மூன்று ஸ்பாட் அடிக்கலாம். அதைவிட உருப்படியானது, ஊரிலேயே ஒன்று தொடங்குவது. ஆறு பேர் பேச வேண்டும், இருபத்தைந்து நாற்காலி, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். நாற்காலிகளை முட்டி இடிக்கிற அளவு நெருக்கிப் போடுங்கள், முதல் வரிசை மேடையிலிருந்து நாலடிக்குள் இருக்கட்டும். பரந்து கிடக்கும் கூட்டத்தில் சிரிப்பு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவாது. வெளிச்சம் பேசுகிறவர்மேல் மட்டும், கூட்டம் இருட்டில். தான் சிரிப்பதைப் பக்கத்து ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். கடையில் நடத்தினால் அங்குள்ள டிவியை அணைக்கச் சொல்லுங்கள். கடை தேடும்போது ஜூஸ் கடை வேண்டாம், மிக்ஸி ஓடாத இடமாகப் பாருங்கள். பஞ்ச் வருகிற நேரமாகப் பார்த்துத்தான் யாராவது ஒருவர் சப்போட்டா மில்க் ஷேக் கேட்பார்.